மூச்சையும் கணக்கில் எடு, மகள்

அன்புள்ள மகளுக்கு,

போனில் நீ உன் வேலையைப் பற்றிச் சொன்னபோது லைன் விட்டு விட்டுத்தான் கேட்டது. இங்கே மலையகத்தில், ஹட்டனில் மழை பிடித்தால் எப்போதும் அப்படித்தானே. கேட்டவரைக்கும் நன்றாக விளங்கியது. சி.டி. ஸ்கேன் படங்களை வாங்கி, விலா எலும்பு எது, இரத்தக்குழாய் எது, சுவாசப்பை எது என்று உங்கள் கணினி பிரித்துக்கொள்கிறது. அப்புறம் தோலில் ஊசி நுழையக்கூடிய ஒவ்வோர் இடத்திலிருந்தும் கட்டிவரை கோடு போட்டுப் பார்க்கிறது. எலும்பில் இடிப்பதையும் பெரிய குழாயைத் தொடுவதையும் தள்ளிவிட்டு, மிச்சக் கோடுகளுக்கு நீளம், சாய்வு, குழாயிலிருந்து விலகிப் போகும் தூரம் எல்லாம் பார்த்து, பரீட்சைக்குப் போல் புள்ளி போடுகிறது. நல்ல இடம் பச்சை, ஆகாத இடம் சிவப்பு.

கேட்கவே சந்தோஷமாக இருந்தது. கட்டியிலிருந்து ஊசியால் சதைத்துணுக்கு எடுக்கும் பயாப்சி அறையில் தாதியாக நின்றவளுக்கு இதன் பெறுமதி தெரியும். எங்கள் காலத்தில் தோலில் கோடுபோட்ட ஒரு ஸ்டிக்கரை ஒட்டி ஸ்கேன் எடுத்து, படத்தைப் பார்த்துப் பேனாவால் ஒரு புள்ளி வைப்பார்கள். ஊசியைக் கொஞ்சம் நகர்த்து, திரும்ப ஸ்கேன், திரும்பக் கொஞ்சம். ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டியும் நாளம், நாடி, நரம்பு மூன்றும் ஓடுகின்றன. ஆகவே கீழேயுள்ள விலாவின் மேல் விளிம்பை ஒட்டித்தான் ஊசி போக வேண்டும். இத்தனை கணக்கையும் டொக்டர் மனதுக்குள்ளேயே போட்டார்.

ஆனால் மகள், நீ மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மண்டையோடு அசையாது. அதனால்தான் சுவீடனில் லார்ஸ் லெக்செல் 1949-லேயே தலையில் ஒரு சட்டத்தைப் பூட்டி மூளைக்குள் போகும் வழியைக் கணக்கிட்டுக் காட்டினார். நெஞ்சுக்கு அப்படி எதைப் பூட்டுவது? சும்மா மூச்சு விடும்போதே ஈரல் ஒன்று இரண்டு சென்றிமீற்றர் ஏறி இறங்கும். சுவாசப்பையின் அடிப்பக்கமும் அப்படித்தான். கட்டியே ஒரு சென்றிமீற்றர்தான் என்றால் யோசித்துப் பார். நெஞ்சு நிறைய மூச்சை அடக்கி எடுத்த படத்தில் போட்ட கோடு, சாதாரண மூச்சில் படுத்திருப்பவருக்கு வேறெங்கோ போய் நிற்கும்.

மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு தடவை ஓர் அம்மா வந்திருந்தார். கொழுந்துக் கறை ஏறிய விரல்களால் கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தார். மூச்சை விட்டு நிறுத்தச் சொன்னது சிங்களத்தில். அவர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, ஒரு தடவை நெஞ்சு முட்ட இழுத்துப் பிடித்தார், மறு தடவை பாதியில் நிறுத்தினார். திரையில் கட்டி ஒவ்வொரு படத்திலும் ஒவ்வோர் இடத்தில் தெரிந்தது. நான் அவர் காதருகே குனிந்து, "அம்மா, மூச்ச எடுங்க, மெதுவா விடுங்க, விட்ட எடத்துலயே நிப்பாட்டுங்க" என்று சொல்லிப் பழக்கினேன். அதற்கப்புறம் எடுத்த படங்களில் கட்டி ஒரே இடத்தில் நின்றது.

ஆகவே உங்கள் புரோகிராம், எந்த மூச்சில் எடுத்த படம் என்று முதலில் கேட்கட்டும். கட்டி நகரும் தூரத்தையும் சேர்த்தே குழாய்களிலிருந்து இடைவெளி விடட்டும். படுக்கும் விதத்தையும் கேட்க வேண்டும். காலமெல்லாம் தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமந்த உன் அம்மாயியை அரை மணித்தியாலம் குப்புறப் படுக்க வைக்க முடியுமா? கழுத்தும் முதுகும் விடாது. முதுகுப் பக்கம் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அந்த வழி அவருக்கு ஆகாது.

அந்தப் புள்ளிக் கணக்கும் எனக்கு உறுத்துகிறது. சுவாசப்பையில் ஊசி போட்டால் அதிகம் வரும் சிக்கல், காற்றுக் கசிந்து சுவாசப்பை சுருங்குவதுதான். பலருக்குத் தானாகவே சரியாகிவிடும், சிலருக்கு நெஞ்சில் குழாய் போட வேண்டிவரும். நீ இருக்கும் நகரத்தில் இரவில் மூச்சுத் திணறினால் அம்புலன்ஸ் வாசலுக்கு வரும். இங்கே பல தோட்டங்களில் லய வீட்டிலிருந்து ரோட்டுக்கு வருவதற்கே ஆளைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். சுவாசப்பையின் இரண்டு மடல்களுக்கு நடுவிலுள்ள பிளவை ஊசி தாண்டினால் அதன் உறையை இன்னும் துளைக்க வேண்டிவரும். அப்படிப் போகும் குட்டை வழியைவிட, சற்று நீண்டாலும் பிளவைத் தொடாத வழியே எங்கள் ஆட்களுக்கு நல்லது. எதற்கு எவ்வளவு புள்ளி என்று மாற்றும் வசதி அந்தந்த ஊர் டொக்டர் கையில் இருக்கட்டும். ஓர் இடம் ஏன் பச்சையானது என்பதையும் திரையில் காட்டச் சொல்லு.

மூச்சை எடு, விடு, நிறுத்து என்று குரலில் சொல்லும் வசதியும் அதில் வைக்கப்போவதாகச் சொன்னாய் அல்லவா? தமிழுக்கு இடம் விடு. புத்தகத் தமிழ் வேண்டாம், தோட்டத்தில் பேசுகிற மாதிரியே இருக்கட்டும். நானே பேசிப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். எடுக்க, விட, நிறுத்த என்று ஒவ்வொன்றுக்கும் எத்தனை செக்கன் வேண்டும் என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அம்மா