முழங்காலையும் எழுதிரு, தாயி

பாளையங்கோட்டை

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பின பயண இன்சூரன்ஸ் பாலிசித் தாளை ரெண்டு தடவை படிச்சேன். பெர்லின்ல மாரத்தான், 42.195 கிலோமீட்டர், ஓடப்போற பிள்ளைக்கு எடுத்த பாலிசியில, ஓட்டப்பந்தயம்ங்கிற பேச்சே ஒரே இடத்துலதான் வருது. அதுவும் 'இதுக்கெல்லாம் பணம் கிடையாது'ங்கிற பக்கத்துல!

ஐரோப்பா போற ஷெங்கன் விசாவுக்குக் குறைஞ்சது 30,000 யூரோ மருத்துவக் காப்பு கேக்காங்க. அது இதுல இருக்கு. ஆனா பாலிசி திங்கட்கிழமையோட முடியுது, நீ அங்கருந்து திரும்பக் கிளம்புதது புதன்தானே? விசாக்காரனே திருப்பி அனுப்பிருவான். தேதியை மாத்து.

கம்பெனிக்கு மெயில் போடு. போன்ல கேட்டா 'கவர் ஆகும் மேடம்'பான், நாளைக்கு அது செல்லாது. நெஞ்சுல நம்பர் குத்திக்கிட்டு ஓடும்போது விழுந்தா ஆஸ்பத்திரிச் செலவு உண்டா, இல்லைன்னா கூடப் பிரீமியம் கட்டிச் சேக்கலாமா, ரெண்டையும் எழுத்துல வாங்கு. கால் பிசகிப் பயணமே நின்னா பந்தயத்துக்குக் கட்டின காசு வருமான்னும் கேளு.

இனி அந்த இடது முழங்கால். பொங்கலுக்கு வந்தப்ப வ.உ.சி. மைதானத்துல ஓடிட்டு வந்து திண்ணையில உக்காந்தே. அம்மா தைலம் தேய்க்க, பல்லைக் கடிச்சுக்கிட்டு 'ஒண்ணுமில்லப்பா'ன்னே. பெங்களூர் போய் ஸ்கேனும் எடுத்தே. ஏட்டி, 'ஏற்கெனவே உள்ள உபாதை'ங்கிற கட்டத்துல எப்படி 'இல்லை'ன்னு போட்டே?

நானும் ஒரு தடவை அப்படிப் போட்டவன்தான். 'சுகரெல்லாம் எழுதாண்டாம் அண்ணாச்சி, பிரீமியம் கூடும்'னார் ஏஜெண்டு. விட்டுட்டேன். நெஞ்சுவலின்னு படுத்தப்ப, டிஸ்சார்ஜ் அன்னைக்கு, பணம் தர முடியாதுன்னு தாள் வந்துது. உங்கம்மா ரெண்டு வளையலைக் கழட்டி மாமன்கிட்டக் கொடுத்தனுப்புனா. உனக்கு அப்போ செமஸ்டர் பரீட்சை, சொல்லலை. மத்த வளையலை அவ இப்பவும் ஒத்தைக் கையிலதான் போட்டிருக்கா, நீ கவனிச்சிருக்க மாட்டே.

காசு கூடினா கூடட்டும், நான் தாரேன். முழங்காலை எழுதிரு. நம்பர் தாளுக்குப் பின்னால பாலிசி எண், அவங்க உதவி எண், ரத்த வகை மூணையும் எழுதிக்கோ. அங்க ஆஸ்பத்திரிக்குப் போகும்படியானா முதல்ல அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடணும், எனக்கு அப்புறம்.

ஓடும்போது வாயில போட அம்மா உடன்குடிக் கருப்பட்டியைச் சின்னச் சின்னதா உடைச்சுப் பொட்டலம் கட்டிட்டா. கூரியர் போடணும், உன் புது விலாசத்தை அனுப்பு.

அப்பா