அடுப்படி வழியாக வந்தவர்களுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கு,

அம்மாவை அடக்கம் பண்ணி மூன்று மாதம் ஆகிறது. ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து நன்றி சொல்லத்தான் நினைத்தேன். வாயைத் திறந்தாலே அழுகை முந்திக்கொள்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு உண்மை. அம்மா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் எனக்கு ஜெபம் வரவில்லை. ஆராதனையில் எல்லோரும் கண்ணீரோடு நிற்கும்போது, வீட்டில் கேஸை மூடினேனா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். தேவபிரசன்னம் என்று யாராவது சொன்னாலே எரிச்சல். அதையும் சத்தமாக ஆமென் சொல்லித்தான் மறைத்தேன்.

போதகர் ஐயாவிடம் ஒருநாள் இதை உளறிவிட்டேன். அவர் புத்தி சொல்லவில்லை, 88-ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொன்னார். 'என் இரட்சிப்பின் தேவன்' என்று கூப்பிடுவதோடு சரி; அப்புறம் புலம்பல்தான், இருளிலேயே முடிகிறது. "இதுவும் வேதத்தில்தானே இருக்கு? உணர முடியலைன்னா, முடியலைன்னே அவர்கிட்ட சொல்லும்மா" என்றார். விசுவாசக் குறைவு என்று வேறு சிலர் சொன்னதை அன்றைக்கே மறந்துவிட்டேன். நன்றி ஐயா.

அக்கா, பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வீர்கள். முதல்முறை வந்தபோது அம்மாவின் தலைமாட்டில் நின்று நீளமாக ஜெபிப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ நேரே அடுப்படிக்குப் போய், முந்தின நாள் பாத்திரத்தில் கை வைத்தீர்கள். கூச்சத்தில் நான் தடுத்தபோதுதான் லாரன்ஸ் சகோதரரைப் பற்றிச் சொன்னீர்கள். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கர்மேல் சபைத் துறவிகளின் மடத்துச் சமையலறையில் வேலை பார்த்தவர். அந்த வேலையே அவருக்குப் பிடிக்காதாம். ஆனாலும் பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும், முழங்காலில் நிற்கும்போது போலவே, கர்த்தரோடு இருக்கப் பழகிக்கொண்டாராம். சொல்லிவிட்டு, "அந்தக் கரித்துணியை எடு" என்றீர்கள்.

படுக்கைப் புண் வராமலிருக்க அம்மாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். வாலிபர் ஐக்கியத்துத் தம்பி, தங்கைகளே, முறை வைத்து ராத்திரி தங்கினீர்களே, அந்தத் தூக்கக் கடனை நான் எப்படி அடைப்பேன்? ஒருநாள் விடியற்காலை மூன்று மணி. வெந்நீரில் துணியைப் பிழிந்து அம்மாவின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பேச்சு நின்றுபோன அம்மா, என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. துணி ஆறிப்போனது. நான் அசையவில்லை. அந்த நேரத்தில் எனக்குப் பரவசம் ஒன்றும் இல்லை, முதுகுவலிதான் இருந்தது.

வேதத்தில் எம்மாவு கிராமத்துக்குப் போன இரண்டு சீஷர்களும், உயிர்த்தெழுந்து வழியெல்லாம் கூடவே நடந்த இயேசுவை அப்பம் பிட்கும்போதுதான் கண்டுகொண்டார்கள். கண்டுகொண்டதும் அவர் மறைந்துபோனார். எனக்கு அடக்கத்துக்கு அடுத்த வாரம் அப்படி ஆனது. காலி படுக்கையை மடிக்கும்போது அந்த விரல்பிடி ஞாபகம் வந்தது. அங்கேயே உட்கார்ந்து, எட்டு மாதத்துக்குப் பிறகு, ஜெபித்தேன்.

அக்கா, உங்கள் நீலத் துண்டு இன்னும் எங்கள் வீட்டுக் கொடியில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் சகோதரி