சுழியோடிக் கடிகாரமும் ஒரு நூற்றாண்டும்

தலவாக்கலை,
2026 மார்ச் 8.

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. டித்வா புயலுக்குப் பிறகு எங்கள் நிலைமை எப்படி என்று அக்கறையோடு கேட்டிருந்தாய். மண்சரிவில் வீடிழந்தவர்கள் மலையகத்தில் பலர். எங்கள் வீட்டுக்கும் பிள்ளைகளுக்கும் குறையொன்றும் இல்லை. உன் முழங்கால் வலி தணிந்து நீ மறுபடியும் நிலாவெளிக் கடலில் இறங்கத் தொடங்கியிருக்கிறாய் என்ற செய்தி எங்கள் எல்லோருக்கும் பெரிய ஆறுதல். கடிதத்தின் மிகுதியை நீ ரோலெக்ஸின் சுழியோடிக் கடிகாரமான சப்மரைனரின் அடுத்த வடிவத்துக்கே ஒதுக்கியிருந்தபடியால், நானும் வேறு கதை பேசாமல் அந்த விடயத்துக்கே வருகிறேன்.

ஏப்ரல் 14ஆம் திகதி, நாம் சித்திரைப் புத்தாண்டுக்குப் பொங்கி வைக்கும் அதே நாளில், ஜெனீவாவில் இவ்வாண்டின் கடிகாரக் கண்காட்சி தொடங்குகிறது. ரோலெக்ஸ் அங்கே டைட்டேனியத்தில் ஒரு சப்மரைனரைக் காட்ட வேண்டும் என்பது உன் ஆசை. அது ஆதாரமற்ற ஆசை என்று நான் சொல்ல மாட்டேன். 2022இல் 11,000 மீற்றர் ஆழம் தாங்கும் டீப்சீ சாலஞ்ச் கடிகாரத்தை அவர்கள் டைட்டேனியத்தில்தான் செய்தார்கள்; அடுத்த ஆண்டே யாட்-மாஸ்டர் 42 அதே உலோகத்தில் வந்தது. எஃகைவிட ஏறத்தாழ நாற்பது வீதம் பாரம் குறைந்த உலோகம், உப்புநீருக்கு அசையாத உலோகம், கடலில் இறங்குகிறவனின் கைக்குப் பொருத்தமானது என்று நீ எழுதியதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. சென்ற ஆண்டு லாண்ட்-டுவெல்லர் என்ற கடிகாரத்தில் அவர்கள் அறிமுகப்படுத்திய டைனாபல்ஸ் என்னும் புதிய இயக்க அமைப்பும் சப்மரைனருக்கு வர வேண்டும் என்று இரசிகர்கள் பலர் விரும்புகிறார்கள். எனக்கு அதில் அவசரம் இல்லை. கடலுக்குப் போகிற கடிகாரத்தில் புதுமை நுழைவதற்கு முன், அது தரையில் சில ஆண்டுகள் ஓடித் தன்னை நிரூபிக்கட்டும். 2020 செப்டம்பரில் சப்மரைனர் 40 மில்லிமீற்றரிலிருந்து 41 ஆகி, 70 மணிநேரம் ஓடும் 3230 இயந்திரத்தைப் பெற்றதே போதுமான மாற்றம் என்று நான் கருதுகிறேன். முகப்பைச் சுற்றித் திரும்பும் வளையம் பச்சையா, முகப்பு நீலமா என்ற விவாதத்தில் எனக்கு மனம் செல்வதில்லை.

என் மனம் முழுவதும் இந்த ஆண்டு ரோலெக்ஸின் சகோதரக் கம்பனியான டியூடர் மீதே இருக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. 1926 பெப்ரவரியில்தான் ஹான்ஸ் வில்ஸ்டோர்ஃபுக்காக அந்தப் பெயர் பதிவு செய்யப்பட்டது. ஆகவே இது அதன் நூறாவது ஆண்டு. ரோலெக்ஸை உருவாக்கிய அதே மனிதர், ரோலெக்ஸின் நம்பகத்தன்மையைக் குறைக்காமல், அதைவிடக் குறைந்த விலையில் விற்கக்கூடிய ஒரு கடிகாரத்தை நெடுங்காலம் எண்ணிப் பார்த்து, 1946இல் அதற்கென்றே தனிக் கம்பனியை நிறுவினார். அந்த நோக்கம் எனக்கு மிகவும் பிடித்தமானது. செல்வந்தர்களுக்கு மட்டும் சரியான நேரம் போதும் என்று அவர் நினைக்கவில்லை. 1954இல் 7922 என்ற இலக்கத்தோடு முதலாவது டியூடர் சப்மரைனர் வந்தபோதும் நிலைமை அதுவே: 100 மீற்றர் தாங்கும் உறையும் திருகிப் பூட்டும் சாவிக்குமிழும் ரோலெக்ஸின் தரத்தில் இருந்தன, விலை கீழே இருந்தது. கடலில் வேலை செய்கிறவர்கள் அதை வாங்கினார்கள். பிரெஞ்சுக் கடற்படை அதைத் தன் சுழியோடிகளுக்குக் கொடுத்தது. சுழியோடி மைக் வில்சன் 1956இல் உங்கள் திருகோணமலைச் சுவாமி மலையடியில் மூழ்கிக் கோணேசர் ஆலயத்தின் சிதைவுகளைக் கண்டபோது, அந்தக் கடிகாரம் சந்தைக்கு வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதை நினைத்துப் பார்.

ஆகவே நூற்றாண்டு விழாவுக்கு அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்பதே என் கேள்வி. எனக்குள்ள அச்சம் பொன். 2021இல் பிளாக் பே 58 என்ற தம் சுழியோடிக் கடிகாரத்தை வெள்ளியிலும் பொன்னிலும் செய்தார்கள். 2024இல் முழுப் பொன் செயினோடு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாதவை அவை. ஆயினும் நூறாவது ஆண்டில், எண்ணிக்கை குறித்து, பெட்டி அலங்கரித்து, சிலருக்கு மட்டும் கிடைக்கும் ஒரு பொற்கடிகாரத்தை வெளியிட்டு விழாவை முடித்துவிட்டால், அந்தப் பெயர் எதற்காகப் பதிவு செய்யப்பட்டதோ அதற்கு நேர்மாறான காரியமாக அது ஆகிவிடும். நான் வேண்டுவது எஃகில், திகதிக் கட்டம் இல்லாத, 37 மில்லிமீற்றர் விட்டமுள்ள, யாரும் கடைக்குப் போய்க் கேட்டு வாங்கக்கூடிய ஒரு சுழியோடிக் கடிகாரம்.

அதில் பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கிறது. 2023இல் வந்த பிளாக் பே 54, அந்த முதலாவது 7922ஐ மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது: விட்டம் 37 மில்லிமீற்றர், தடிப்பு 11.2, செயினைப் பூட்டும் ஒரு காதிலிருந்து மறு காதுவரை 46, நீர் தாங்கும் ஆழம் 200 மீற்றர். நம்மைப் போன்ற மெல்லிய மணிக்கட்டுக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான அளவைப் பெரிய கம்பனி எதுவும் அண்மையில் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதன் உள்ளே ஓடும் எம்டி5400 இயந்திரம் 70 மணிநேரம் ஓடும். வெள்ளி மாலை கழற்றி வைத்தால் திங்கள் காலையும் ஓடிக்கொண்டிருக்கும். இதற்கு மேல் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: துல்லியத்தையும் காந்தம் தாங்கும் திறனையும் சோதித்துத் தரப்படும் மெட்டாஸ் சான்று.

இதை நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு என் தொழிலே காரணம். நான் டீமேக்கராக இருந்த காலத்தில் கையில் கட்டியிருந்தது ஒரு ஜப்பானியச் சுழியோடிக் கடிகாரம் என்பது உனக்குத் தெரியும். தூளைத் தரம் பிரிக்கும் அறையில், தேயிலையோடு கலந்துவரும் இரும்புத் துகளைப் பிடிப்பதற்காகக் காந்தங்கள் வைத்திருப்போம். ஒருநாள் அவற்றைத் துடைத்துச் சுத்தம் செய்தபின், அந்தக் கடிகாரம் மறுநாட் காலைக்குள் பல நிமிடங்கள் முந்திவிட்டது. உள்ளே இருக்கும் மயிரிழைச் சுருள் காந்தமேறினால் அதன் சுற்றுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுருள் குட்டையானதைப் போல ஆகிச் சக்கரம் வேகமாக ஆடத் தொடங்கும். கண்டியில் ஒரு பழைய கடிகாரத் திருத்துநர் அதைச் சிறு கருவியின் மேல் வைத்து எடுத்த மாத்திரத்தில் நோய் தீர்ந்தது. ஆயினும், ரோலர் எத்தனை மணிக்குத் தொடங்கியது, ரோலரில் நசுங்கிய இலையான டூல் புளிப்பதற்காக எவ்வளவு நேரம் மேசையில் கிடந்தது என்பதைக் கடிகாரத்தை நம்பித்தானே நான் கணக்கிட வேண்டும்? கூடப் புளித்துவிட்டால் நிறமும் மணமும் போய்விடும்; அந்தத் தேயிலையை எந்த ஏலத்திலும் நல்ல விலைக்கு விற்க முடியாது. இன்றைக்குக் கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கியிலும் பைகளின் பூட்டிலும் மடிக்கணினியின் மூடியிலும் காந்தம் இருக்கிறது. தொழிற்சாலைக்குப் போகாதவர்களுக்கும் இந்தத் தொல்லை வந்துவிட்டது.

சுவிட்சர்லாந்தின் கோஸ்க் சான்று, உறையில் பூட்டாத வெறும் இயந்திரத்தை மட்டும் சோதித்து, நாளொன்றுக்கு நான்கு விநாடி பிந்துவதையும் ஆறு விநாடி முந்துவதையும் அனுமதிக்கிறது. மெட்டாஸ் சான்று முழுதாகப் பூட்டிய கடிகாரத்தைச் சோதிக்கிறது. நாளொன்றுக்குப் பூச்சியத்திலிருந்து ஐந்து விநாடிக்குள் முந்தலாம், பிந்தவே கூடாது. 15,000 கௌஸ் காந்தப் புலத்துக்குள் வைத்த பிறகும் அது சரியாக ஓட வேண்டும். பிந்தக் கூடாது என்ற அந்த ஒரு விதிக்காகவே எனக்கு அந்தச் சான்றின்மேல் மதிப்பு அதிகம். கடிகாரம் சற்று முந்தினால் நீ தண்ணீரிலிருந்து கொஞ்சம் முன்கூட்டியே மேலே வருவாய். பிந்தினால் என்ன நடக்கும் என்பதைச் சுழியோடியான உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இது நடக்காத காரியம் அன்று. சென்ற ஆண்டு வந்த செந்நிற பிளாக் பே 58இல் எம்டி5400-யூ என்ற இயந்திரத்தை மெட்டாஸ் சான்றோடு வைத்திருக்கிறார்கள். அது பிளாக் பே 54இல் இருக்கும் இயந்திரத்தின் நெருங்கிய உறவு. ஓட்டநேரம் 65 மணியாகக் குறைந்திருக்கிறது. அந்த ஐந்து மணிநேரத்தை நான் மனமுவந்து விட்டுக்கொடுப்பேன். அதே கடிகாரத்தில் தடிப்பையும் 11.9 மில்லிமீற்றரிலிருந்து 11.7 ஆக்கினார்கள். ஒரு மில்லிமீற்றரில் பத்தில் இரண்டு பங்கு என்று கேட்டால் அற்பமாகத் தோன்றும். குளிருக்குச் சட்டைக்கு மேல் சட்டை போடும் எங்கள் ஊரில், கைப்பட்டிக்கு அடியில் கடிகாரம் தடையின்றி நுழைகிறதா என்பதை அந்த அளவுதான் முடிவு செய்கிறது. பிளாக் பே 54 ஏற்கெனவே மெலிந்தது. இன்னும் அரை மில்லிமீற்றர் குறைந்து 11க்குக் கீழே வந்தால் என் ஆசை முழுமையாகும்.

டியூடர் செயினிலுள்ள டி-ஃபிட் கொக்கியைப் பற்றி நீ சென்ற கடிதத்தில் ஏளனமாக எழுதியிருந்தாய். அதில் மட்டும் உன்னோடு எனக்குக் கடும் முரண்பாடு. கருவி எதுவுமின்றிச் செயினை ஐந்து படிகளில் எட்டு மில்லிமீற்றர்வரை நீட்டவும் குறைக்கவும் அது உதவுகிறது. விடியற்காலைக் குளிரில் என் மணிக்கட்டு சுருங்கிக் கடிகாரம் வழுகும். பத்து மணி வெயிலில் ஹட்டன் வரை போய் வந்தால் அதே செயின் இறுக்கிப் பிடிக்கும். கடற்கரையில் வாழும் உனக்கு ஆண்டு முழுவதும் ஒரே வெப்பம் என்பதால் இதன் அருமை தெரியவில்லை.

வளையத்தைப் பற்றி உன் அபிப்பிராயம் எனக்குக் கட்டாயம் வேண்டும். பிளாக் பே 54இன் வளையத்தில் முதல் பதினைந்து நிமிடங்களுக்கான தனிக்கோடுகள் இல்லை. பழைய 7922இலும் இல்லை என்பதால் அதைப் பின்பற்றியிருக்கிறார்கள். பார்வைக்கு மிக அழகு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் வளையத்திலுள்ள முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேரே திருப்பி ரோலரைத் தொடங்கிய காலத்தில், அந்தக் கோடுகளைத்தான் கண் முதலில் தேடும். சென்ற கோடையில் வந்த லகூன் புளூ வடிவத்தில் வளையத்தையே மெருகேற்றிய பளபளப்பான எஃகாக ஆக்கிவிட்டார்கள். முகப்பின் வெளிர்நீலம் கண்ணைக் கவர்ந்தாலும், அது கடலுக்குள் இறங்குவதைவிடக் கடலோரத்தில் அமர்ந்திருப்பதற்கான கடிகாரம் என்பதே என் தீர்ப்பு. நூற்றாண்டுக் கடிகாரத்தில் கோடுகள் வர வேண்டும்.

ஆழத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு வந்த டியூடரின் பெலகோஸ் அல்ட்ரா 1000 மீற்றர் தாங்கும். அதன் பொறியியலை நான் மதிக்கிறேன். எனக்கு அது தேவையில்லை. மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் கப்பல் ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. அதற்கே தேர்ந்த சுழியோடிகள்தான் இறங்குகிறார்கள். 200 மீற்றர் நமக்கெல்லாம் மிக அதிகம். ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசித்து, நாட்கணக்கில் அழுத்த அறைக்குள் வாழ்கிறவர்களுக்கு மட்டுமே, கடிகாரத்துக்குள் புகுந்த வாயுவை வெளியேற்றும் ஹீலியம் வால்வு வேண்டும். துறைமுகத்தில் இத்தனை ஆண்டுகள் சாதாரணக் காற்றுச் சிலிண்டரோடு மூழ்கிய உனக்கு அது ஒருநாளும் வேண்டியிருந்ததில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். டைட்டேனியத்தில் ஆசையென்றால், அந்த வால்வு இல்லாத பெலகோஸ் 39 2022இலிருந்தே கிடைக்கிறது. சப்மரைனருக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அதைக் கட்டிப் பார்த்தாயா?

இரசிகர்களில் பெரும்பாலோர் வேண்டுவது, 1969இல் டியூடர் கொண்டுவந்த பனித்துகள் வடிவ முட்களும் நீல முகப்பும் நீல வளையமும் சேர்ந்த பழைய சப்மரைனர் மறுபடியும் வருவதை. பிரெஞ்சுக் கடற்படையின் நீலம் அது. அவர்களுடைய ஆசையும் நிறைவேறினால் நான் மகிழ்வேன். பிளாக் பே 54ஐ அந்த நீலத்தில் செய்தால் இரண்டு கூட்டத்தாரும் ஒரே கடையில் நிற்போம்.

விலையை நான் மறக்கவில்லை. பிளாக் பே 54 இன்று டொலரில் நாலாயிரத்தைத் தாண்டுகிறது. நம் ரூபாயில் பத்து இலட்சத்துக்கு மேல். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு, இப்படிப்பட்ட பொருளை வாங்குவது பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியை இதற்கென்று தனியே வைத்திருக்கிறேன்; வீட்டில் அவளுக்கும் தெரியும், தடை சொல்லவில்லை. மெட்டாஸ் இயந்திரத்தோடு வந்தால் வாங்குவேன். பொன்னில் மட்டும் வந்தால், இப்போதுள்ள பிளாக் பே 54ஐயே வாங்கிவிடுவேன்.

கண்காட்சிச் செய்தி உனக்கு முதலில் கிடைத்தால் இரவென்றும் பாராமல் தொலைபேசியில் சொல். புத்தாண்டு முடிந்து பிள்ளைகளோடு நீ இங்கே வருவதாக எழுதியிருந்தாய். வரும்போது உன் பழைய சப்மரைனரையும் கையிலிருந்து கழற்றாமல் கொண்டு வா. அதன் வளையத்திலுள்ள பதினைந்து நிமிடக் கோடுகளை நீருக்குள் எத்தனை முறை உண்மையாகவே பார்த்தாய் என்பதை நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
உன் பள்ளித் தோழன்.