பள்ளத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ஊருக்கு ஒரு நன்றி

கல்சாதியா தெ லா குவேசா ஊர்க்காரங்களுக்கும், அந்த வழியில எனக்கு கைகொடுத்த எல்லாருக்கும் வணக்கம். உங்கள்ல யாருக்கும் தமிழ் தெரியாது, எனக்கு ஸ்பானிஷ்ல ஓலா, கிராசியாஸ், ஆகுவா தாண்டி ஒண்ணும் வராது. ஆனாலும் எழுதாம இருக்க முடியல.

படிக்கிறவங்களுக்கு மட்டும் சின்னதா சொல்லிடறேன். சாந்தியாகோ கோயிலுக்கு நடந்து போற காமினோ பாதையில, ஸ்பெயின் நாட்டு பலென்சியா மாகாணத்துல இருக்கிற குட்டி ஊர் இது. காரியோன் தெ லோஸ் கொந்தெஸ் டவுன விட்டு கிளம்பினா சுமார் 17 கிலோமீட்டருக்கு நடுவுல ஊரே கிடையாது, ரோமானியர் காலத்து ரோடு, ரெண்டு பக்கமும் அறுத்து முடிச்ச கோதுமை வயல், நிழல்னா பேருக்குத்தான், இதுல ஊர் வேற பள்ளத்துல உக்காந்திருக்கா, கிட்டப் போற வரைக்கும் கண்ணுலயே படாது. போர் அடிக்கும்னு சொல்லி புர்கோஸ்ல பஸ் ஏறி லியோன்ல இறங்கிக்கிறவங்க நிறைய பேர். எனக்கும் அதே அட்வைஸ்தான் வந்துச்சு, நல்லவேளை கேக்கல.

பாதி வழியில கொப்புளம் உடைஞ்சு நான் ரோட்டோரமா உக்காந்துட்டப்ப, பின்னாடி வந்த கொரியாக்கார அக்கா ஒருத்தங்க ஒரு வார்த்தை பேசாம என் காலைத் தூக்கி அவங்க மடியில வெச்சு, மருந்து போட்டு துடைச்சு, டேப்பைப் பல்லால கிழிச்சு ஒட்டி, அவங்க பையில இருந்த காஞ்ச சாக்ஸையும் மாட்டி விட்டாங்க. அக்கா, பெத்தவங்க தவிர என் காலை யாரும் அப்படிப் பிடிச்சதில்ல.

அடுத்து அந்த டிராக்டர் அண்ணன். என் மேல புழுதி படக்கூடாதுன்னு தூரத்துலயே இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, இறங்கி வந்து தண்ணி கொடுத்தார். ஊர் எங்கன்னு சைகையில கேட்டா கையை நேரா காட்டாம கீழ காட்டுறார், எனக்கு ஒண்ணும் புரியல, கொஞ்ச தூரம் நடந்ததும் காலுக்குக் கீழ ஓட்டுக்கூரைங்க தெரியுது!

தண்ணி மட்டும் பிடிச்சிட்டு ஊரைத் தாண்டிப் போயிடலாம்னுதான் பிளான். பூச்சு உதிர்ந்து வைக்கோல் துருத்திக்கிட்டிருந்த மண்சுவரோரமா நிழல்ல நாற்காலியைப் போட்டு, என்னை உக்காருன்னு அதட்டின பாட்டிக்கு என்ன சொல்றது... காசு நீட்டினதுக்கு ஒரு முறைப்பு முறைச்சாங்க பாருங்க.

இன்னொருத்தருக்கும் சொல்லணும். ஓ செப்ரெய்ரோ ஊர்ப் பாதிரியார் எலியாஸ் வாலின்யா, 1980கள்ல மஞ்சள் பெயிண்ட்டைத் தூக்கிக்கிட்டு வழியெல்லாம் அம்புக்குறி போட்டவர், 1989ல காலமாயிட்டார். அந்த அம்புக்குறிதான் எனக்கு மேப்பு.

இந்த வருஷம் அந்தப் பக்கம் நடக்கப் போறவங்க யாராச்சும் இதை ஸ்பானிஷ்ல மாத்தி ஊருக்குள்ள இருக்கிற பார்ல கொடுத்துட்டீங்கன்னா புண்ணியமாப் போகும், பாட்டிக்கு அவங்க படிச்சுக் காட்டிடுவாங்க.