9 ஹிட் பாயிண்ட் கவர்னர்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள சேகருக்கு,

இங்கே அனைவரும் நலம். பெரியம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் தம்பி சொன்னான். சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். மாடி ஒழுகுவதைச் சரிசெய்தாகிவிட்டது. மாமா இன்னும் அதே பழைய கணக்கைத்தான் கேட்கிறார், நானும் அதே பதிலைத்தான் சொல்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மாஸ்டராக நான் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டி ஆடும் நம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில், ஞாயிறு இரவு ஆட்டத்தில் நடந்ததை உனக்கு அவசர அவசரமாக எழுதி அனுப்பினேன். நீ ஒரே வார்த்தையில் பதில் போட்டாய்: "கொன்றுவிடு." போனில் பேசினால் என்னை முடிக்க விடமாட்டாய். அதனால் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன். கடைசி வரை படித்துவிட்டுப் பிறகு பேசு.

இந்தப் பையன்களோடு நான் நடத்தும் கதை 1748 ஆகஸ்டில் நடக்கிறது என்று முன்பே சொல்லியிருக்கிறேன். ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவனின் கப்பல்கள் வந்து நிற்கின்றன, அரியாங்குப்பத்தில் சண்டை தொடங்கப்போகிறது, ஊர் முழுக்கப் பதற்றம். நம் நால்வரும், இன்னும் மூன்றாவது லெவல் திறமைதான் உள்ளவர்கள், கோட்டைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். முற்றுகைக்காக நெசவாளர் தெருவின் அரிசி முழுவதையும் கோட்டைக் கிடங்குக்குக் கொண்டுவரச் சொல்லி பிரெஞ்சு கவர்னர் டூப்ளே உத்தரவு போடுகிறார். இது நான் கட்டிய கதை, சரித்திரத்தில் தேடாதே. தெருவின் சார்பில் பேசத்தான் நால்வரும் தர்பாருக்குப் போனார்கள். டூப்ளே நாற்காலியில், பக்கத்தில் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை, வாசலில் இரண்டு காவலர்கள். பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கவர்னர் நால்வருக்கும் ஆளுக்கொரு பதவியும் சம்பளமும் தருவதாகச் சொன்னார். மூன்று பேர் சம்பளத்தைப் பேரம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது கதிர், "நான் வாளை உருவி கவர்னரை வெட்டுகிறேன்" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் பகடையை உருட்டிவிட்டான். அவனுடைய பச்சை இருபதுமுகப் பகடை மேசையின் குறுக்கே ஓடி, காபி டம்ளரில் இடித்து, ஒரு முனையில் தள்ளாடி நின்றது. 20. மாடியே அதிர்ந்தது, கீழ்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்தார். ரஞ்சனி மட்டும் சத்தம் போடவில்லை. தன் கேரக்டர் ஷீட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கதிரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணா, அவருக்கு மொத்தமே 9 ஹிட் பாயிண்ட்தான். புத்தகத்தில் பார்த்துவிட்டேன்" என்றான் கதிர்.

அவன் சொன்னது சரி. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் பிரபு வகையறாவுக்கு 9 ஹிட் பாயிண்ட், அதாவது அடி தாங்கும் அளவு 9, சாதாரணக் காவலாளிக்கு 11. வாசலில் நிற்பவன் நாற்காலியில் இருப்பவரைவிட உறுதியானவன். 20 விழுந்தால் அடி கட்டாயம் விழும், சேதப் பகடை இரட்டிப்பாகும். அதனால் அவனுடைய வாளுக்கு எட்டுமுகப் பகடை இரண்டு, கூட 3. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 64 வாய்ப்புகளில் 54-இல் டூப்ளே அங்கேயே விழுந்துவிடுவார். நான் ஆட்டத்தை அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். சேதப் பகடை இன்னும் உருட்டப்படவில்லை. வருகிற ஞாயிறு அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இப்போது உன் "கொன்றுவிடு"வுக்கு வருகிறேன். கதிரின் கேரக்டரைத்தான் கொல்லச் சொல்கிறாய். மஞ்சக்குப்பம் அறையில் நீ மாஸ்டராக இருந்தபோது பாபு அந்தக் கல்லறை அரசனிடம் சவால் விட்டது நினைவிருக்கிறதா? ஒரே மந்திரத்தில் பாபுவின் கேரக்டரை முடித்தாய். "இனிமேல் புத்தி வரும்" என்றாய். பாபு மறுவாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. இன்றைக்கும் கல்யாண வீடுகளில் பார்த்தால் கிரிக்கெட் பேசுகிறானே தவிர இந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. இதை உன்னிடம் நான் எப்போதோ சொல்லியிருக்க வேண்டும், சொல்லிவிட்டேன்.

இன்னொரு யோசனையும் சொல்வாய், உன்னை எனக்குத் தெரியாதா? திரைக்குப் பின்னால் 9-ஐ 90 ஆக்கிவிடு என்பாய். மாட்டேன். பையன் பகடையை நம்பி உருட்டினான். அதைத் திருட்டுத்தனமாக மாற்றினால், நான் சொல்லும் எந்த எண்ணையும் அவன் இனி நம்ப வேண்டியதில்லை.

இந்தத் துணிச்சல் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று பார். ஆடத் தொடங்கிய நாளிலிருந்து அவன் முன்னால் வந்த ஒவ்வொரு எதிரியும் அவன் லெவலுக்கு அளந்து வைக்கப்பட்டவர்கள். புத்தகமே அப்படித்தான் அளக்கச் சொல்கிறது. மாஸ்டர் கொண்டுவந்து நிறுத்தும் யாரையும் வென்றுவிடலாம் என்று அவன் நினைப்பது அவன் கண்டதிலிருந்து எடுத்த முடிவு. வேறு மாதிரியான ஆள் வரும்போது, அது வேறு மாதிரி என்று வாள் உருவுவதற்கு முன்பே தெரிய வேண்டும். முதிய சிவப்பு டிராகன் என்றால் இது சுலபம். அதன் ஹிட் பாயிண்ட் 546. ஒரு மூச்சுக்கு ஆறுமுகப் பகடை 26, சராசரி 91. மூன்றாம் லெவல் வீரனிடம் இருப்பது சுமார் 28. மீதிச் சேதமே அவனுடைய முழு அளவைத் தாண்டிவிடுவதால் சாவோடு போராடும் பகடைகூட உருட்டக் கிடைக்காது, நேரே சாவுதான். இதை எண்ணாகச் சொல்லவும் வேண்டாம். அவர்கள் போகும் வழியில் எரிந்து கிடக்கும் கோட்டை ஒன்றை வைத்து, அதன் கல் உருகி வழிந்திருப்பதைக் காட்டினால் போதும், கதிரே பின்வாசலைத் தேடுவான்.

டூப்ளே விஷயம் அப்படியில்லை. உடம்பை வைத்துப் பார்த்தால் அவர் ஒரு நடுவயது மனிதர், ஒரே வெட்டில் விழுவார். அவருடைய பலம் முழுவதும் அந்த அறைக்கு வெளியே இருக்கிறது: கிடங்குச் சாவி, சிப்பாய்களின் சம்பளம், வியாபாரிகள் தரும் கடன், கடிதங்கள். 1742-இலிருந்து 1754 வரை கவர்னராக இருந்தவரை எந்த வாளும் இறக்கவில்லை. அவருக்குப் பதிலாகப் பிரான்சிலிருந்து கோதெஹூ என்பவர் கப்பலில் வந்து இறங்கினார், டூப்ளே ஊருக்குத் திரும்பிப் போனார், அவ்வளவுதான். அப்படிப்பட்ட மனிதரை எதிர்க்க வழி இல்லாமல் இல்லை. அவருடைய எதிரிகள் யார், கம்பெனி இயக்குநர்களுக்கு யார் எழுதுகிறார்கள், துபாஷ் எதைக் குறித்து வைக்கிறார் என்று தேடிப் போகிற ஆட்டம் எவ்வளவு சுவையாக இருக்கும்! (உங்கள் ஊர் தேவனாம்பட்டினம் கோட்டையைப் பிடிக்க அவர் எடுத்த முயற்சிகள் எல்லாம் வீணாயின என்பதை இந்த இடத்தில் நீ கட்டாயம் சொல்வாய். சொல்லிக்கொள், அது உண்மைதான்.)

என்னை விடாமல் குடைகிற விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன். நெசவாளர் தெருவின் அரிசி போகிறதே என்று கோபம் வந்தது கதிர் ஒருவனுக்குத்தான். மற்ற மூவரும் அந்தத் தெருவை மறந்துவிட்டுச் சம்பளம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாயால் உண்டாக்கிய ஒரு தெருவுக்காக, பெயர்கூட வைக்காத ஒரு கிழவியின் அரிசிப் பானைக்காக ஒரு பையன் நிஜமாகக் கொதித்து எழுந்திருக்கிறான். இப்படி ஓர் ஆள் கிடைக்க வேண்டும் என்றுதானே நீயும் நானும் வாரம் முழுக்க உட்கார்ந்து கதை எழுதுகிறோம்? அவனைக் கொன்றால் மேசையில் மிஞ்சுவது சம்பளம் பேசுகிற மூன்று பேர்தான். அவனுடைய கோபம் எனக்கு வேண்டும். 9 என்ற எண்ணைப் பார்த்ததும் ஆளையே எடைபோட்டுவிட்டோம் என்ற நினைப்பு மட்டும் போனால் போதும்.

ஆனால் ரஞ்சனி மறுநாள் என்னிடம் கேட்டதற்கு நீ பதில் சொல். "என்னைக் கேட்காமல் என் மருத்துவச்சியின் தலையையும் சேர்த்து அவன் பணயம் வைக்கலாமா, அண்ணா?" ரஞ்சனி ஆடும் அந்த மருத்துவச்சியின் தாய் கோட்டைக்குள் இருக்கிறாள், மறந்துவிடாதே. ரஞ்சனி மாதக்கணக்கில் இழைத்து இழைத்துக் கட்டிய கதை அது. கவர்னருக்கு என்ன ஆனாலும் எனக்குக் கவலையில்லை. ரஞ்சனியின் கேள்விக்கு ஆட்டத்துக்குள் பதில் கிடையாது. பகடையை எடுப்பதற்கு முன்னால் மனிதர்களாக உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும். அதனால் ஞாயிறு முதல் வேலை இதுதான்: ஒருவர் வாளை உருவினால், பகடை உருளும் முன் மற்றவர்களுக்கு ஒரு மூச்சு நேரம் உண்டு. தடுக்கலாம், கையைப் பிடிக்கலாம், கூட நிற்கலாம். கூடவே அந்த கேரக்டரின் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று நான் சொல்லிவிடுவேன். அதன் பிறகும் வெட்டுகிறேன் என்றால் வெட்டட்டும், நான் காப்பாற்ற மாட்டேன்.

கதிரின் 20 அப்படியே நிற்கும். விழுந்த பகடையைத் திரும்ப எடுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. டூப்ளே பிழைத்தால் அவனைத் தூக்கில் போடமாட்டார். முற்றுகை நடக்கும்போது வாள் பிடிக்கத் தெரிந்தவனை வீணாக்குகிற ஆளா அவர்? அரியாங்குப்பத்து முன்வரிசைக்கு அனுப்புவார். 1974-இல் கைகாக்ஸும் ஆர்னசனும் வெளியிட்ட இந்த ஆட்டத்தின் முதல் பதிப்பிலேயே, எதிர்ப்படும் பிராணி பாயுமா, தயங்குமா, சிநேகமாகுமா என்று பார்க்க இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டச் சொல்லியிருக்கிறார்கள். பலசாலி என்றால் பார்த்தவுடன் அடிப்பான் என்ற பழக்கம் எப்படியோ நமக்குப் பிறகு ஒட்டிக்கொண்டது. டூப்ளே விழுந்துவிட்டால் கோட்டைக் கதவுகள் மூடும், கிடங்குச் சாவி யாரிடம் என்று தெரியாது, நெசவாளர் தெருவுக்கு அரிசி வராது, வெளியே பாஸ்கவன். அந்த இரவை நால்வரும் ஆடித்தான் தீர வேண்டும்.

இதற்கு எனக்கு நீ வேண்டும். சனிக்கிழமை இரவே திருச்சியிலிருந்து கிளம்பி வந்துவிடு. கவர்னர் பிழைத்தால் நீதான் டூப்ளே. அந்த நாற்காலியில் உட்கார்ந்து கதிரின் கண்ணைப் பார்த்து நீ பேச வேண்டும், அந்தக் குரல் எனக்கு வராது. விழுந்தால் நீ பரதீஸ். கோட்டையின் பொறியாளர், அந்த முற்றுகையிலேயே உயிரை விட்டவர். அவரைப் பற்றி நான் சேர்த்து வைத்த குறிப்புகளை வந்ததும் தருகிறேன்.

உன் பழைய பகடைப் பையையும் மறக்காமல் எடுத்து வா. இவர்களிடம் எட்டுமுகப் பகடை ஒன்றுதான் இருக்கிறது, கதிர் இரண்டு உருட்ட வேண்டும்.

அன்புடன்,
முரளி