"அப்பாவுக்கு என்ன சிஸ்டர்?" என்று கேட்டால்: வார்டுக்குப் புதிதாக வந்தவருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சிஸ்டருக்கு,

ஊசி குத்துவதும் டிரிப் போடுவதும் கொஞ்ச நாளில் கை பழகிவிடும். கூட வந்தவர்களுக்குப் பதில் சொல்வது அவ்வளவு சீக்கிரம் பழகாது. மகன் கேட்பார், மருமகள் கேட்பார், பார்க்க வந்த நண்பர் கேட்பார். முக்கால்வாசிப் பேர் அக்கறையால்தான் கேட்கிறார்கள். அதனால்தான் வாய் தவறுகிறது.

"நோயாளி விஷயத்தை வெளியே சொல்லாதே" என்று படிப்பில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வார்டில் அந்த வரி போதாது. வீட்டில் இன்சுலின் போடப்போகிற மனைவியிடம் அளவைச் சொல்லாமல் அனுப்பினால் அதுவும் தவறுதான். ஆகவே வாயைக் கட்டுவதற்கு முன்பு இன்னொன்றைப் பழகுங்கள்: யாருக்கு என்ன சொல்லலாம் என்று நோயாளியிடமே முன்கூட்டிக் கேட்டு எழுதி வைப்பது.

கேட்க வேண்டியது சேர்த்த அன்றே, மயக்க மருந்துக்கும் தூக்க மாத்திரைக்கும் முன்பு, பக்கத்தில் யாரும் இல்லாதபோது. "சோதனை பண்ணணும், பத்து நிமிஷம் வெளியில இருங்க" என்று எல்லா நோயாளிகளின் உறவினர்களையும் ஒரே மாதிரி அனுப்புங்கள். ஒருவரை மட்டும் அனுப்பினால்தான் சந்தேகம் வரும். கேள்வி மூன்று. யாரிடம் சொல்லலாம்? எதுவரை சொல்லலாம்? யாரிடம் சொல்லவே கூடாது? பெரும்பாலும் விட்டுப்போவது மூன்றாவதுதான். "வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லலாம்" என்றால் விடாதீர்கள், பெயர் கேளுங்கள். பெயர், உறவு, போன் நம்பர், தேதி, உங்கள் கையெழுத்து, இவ்வளவும் கேஸ் ஷீட்டில் வர வேண்டும். "மகளிடம் மட்டும், ஆபரேஷன் விவரம் முழுதும் சொல்லலாம், பழைய மனநல சிகிச்சை பற்றிப் பேசக் கூடாது" என்கிற அளவுக்குத் தெளிவாக இருந்தால் இரவு டியூட்டிக்கு வருபவர் தடுமாற மாட்டார். அவசரத்துக்கு அழைக்க என்று கொடுத்த நம்பரை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஓடி வர ஆள் வேண்டும் என்று தம்பி நம்பரைக் கொடுத்தவர், ரிப்போர்ட்டைத் தம்பியிடம் படித்துக் காட்டச் சொல்லவில்லை.

கணவரை அருகில் நிறுத்திக்கொண்டு "இவர் இருக்கும்போது பேசலாமா?" என்று கேட்பது கேட்டதாகவே ஆகாது. அவர் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? நோயாளியின் தகவலைக் காக்கும் அமெரிக்கச் சட்டமான ஹிப்பாவின் விதிகள் இந்த இடத்தில் கொஞ்சம் தளர்வு. நோயாளிக்கு மறுக்க வாய்ப்புக் கொடுத்து அவர் மறுக்காவிட்டால் சொல்லலாம் என்கின்றன. அதே விதிகளில் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று உண்டு: கவனிப்பிலோ பணம் கட்டுவதிலோ பங்கெடுக்கும் உறவினருக்கும் நண்பருக்கும் அந்தப் பங்குக்கு வேண்டிய அளவு மட்டும். எந்த நாட்டில் வேலை பார்த்தாலும் இந்த அளவுகோல் உதவும். இதயம் பலவீனமானவரை வீட்டில் பார்த்துக்கொள்ளும் மனைவிக்கு மாத்திரை நேரம் தெரிய வேண்டும், தினமும் காலையில் எடை பார்க்கத் தெரிய வேண்டும், மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் உடனே கூப்பிட வேண்டும் என்பது தெரிய வேண்டும். 20 வருடத்துக்கு முன் கணவருக்கு வந்த பால்வினை நோய் தெரிய வேண்டியதில்லை. பணம் கட்டும் அண்ணனுக்குத் தொகையும் நாள் கணக்கும் போதும். ஆனால் விவரமான பில்லில் ஒவ்வொரு டெஸ்ட்டின் பெயரும் அச்சாகி வரும் என்பதை மறந்துவிடாதீர்கள். நோயாளியைக் கேட்காமல் அந்தப் பக்கங்களை அண்ணன் கையில் கொடுக்காதீர்கள்.

போனுக்கு வருவோம். இரவு ஒன்பது மணி, மேசை போன் அடிக்கிறது. "14ஆம் பெட் பேஷண்ட்டோட தம்பி பேசறேன். பயாப்சி ரிசல்ட் வந்துடுச்சா?" நீங்கள் "இன்னும் வரலைங்க" என்கிறீர்கள். ஒன்றுமே சொல்லாத மாதிரி இருக்கிறது. அவர் இங்கே இருக்கிறார், பயாப்சி எடுத்திருக்கிறோம், முடிவுக்காகக் காத்திருக்கிறோம் என்று மூன்றும் அந்த ஒரே பதிலில் போய்விட்டன. பேசியவர் தம்பிதானா, அலுவலகத்து ஆளா, விலகி வாழும் கணவரா, உங்களுக்குத் தெரியாது. "போன்ல யாரைப் பத்தியும் சொல்றதில்லைங்க, உங்க பேரும் நம்பரும் குடுங்க" என்பதே எல்லோருக்கும் ஒரே பதிலாக இருக்கட்டும். பிறகு நோயாளியிடம் சொல்லுங்கள். அவர் பேசும் நிலையில் இருந்தால் அவரே கூப்பிடட்டும். முடியாதவர் என்றால், கேஸ் ஷீட்டில் ஏற்கெனவே எழுதிய நம்பருக்கு நீங்கள் திருப்பி அழைக்க வேண்டும். வந்த நம்பருக்கு அல்ல. தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியோ குடும்பமோ தேர்ந்தெடுத்த ஒரு ரகசியச் சொல்லை வைத்துக்கொள்வது நல்ல வழக்கம். பிறந்த தேதியை அப்படி வைக்காதீர்கள், சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

சொல்லத்தான் கட்டுப்பாடு, கேட்டுக்கொள்ளத் தடையே இல்லை. சொல்ல அனுமதி இல்லாத அக்காள் அழைத்து "அவனுக்குப் பென்சிலின் ஒத்துக்காது" என்றால், "நாங்க எதுவும் சொல்ல முடியாது" என்று வைத்துவிடாதீர்கள். எழுதிக்கொண்டு டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் இங்கே இருப்பதை உறுதி செய்யாமலே அதைச் செய்யலாம்.

அடுத்தது எல்லாவற்றிலும் கடினம். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டார்" என்று மகன் கையைப் பிடிப்பார். அப்பாவிடம் சொல்லும் முன்பே மகனிடம் "புற்றுநோய்" என்று சொல்லியாயிற்று என்றால், தப்பு அங்கேயே நடந்துவிட்டது. மகனோடு வாதாட வேண்டாம். எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அப்பா சிகிச்சையை விட்டுவிடுவார் என்ற பயமாக இருக்கும். பிறகு தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: "நானா போய்ச் சொல்ல மாட்டேன். அவரே கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன், டாக்டரைப் பேச வைப்பேன்." இந்த நிலையே வராமல் இருக்க, டெஸ்ட்டுக்கு அனுப்பும்போதே அப்பாவிடம் கேட்டிருக்கலாம்: "ரிசல்ட் வந்ததும் உங்ககிட்டயே விவரமா சொல்லணுமா, இல்ல வீட்ல யார்கிட்டயாவது சொன்னா போதுமா?" எனக்கு எதுவும் வேண்டாம், மகளிடம் பேசுங்கள் என்கிறவர்களும் உண்டு. அதுவும் அவர் முடிவுதான். எழுதி வையுங்கள், சில நாள் கழித்து மறுபடி கேளுங்கள்.

பேசாமலே வெளியேறும் விஷயங்கள் இன்னும் அதிகம். மாத்திரை அட்டையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் என்று இருந்தால் மைத்துனர் போனில் தேடிப் பார்த்து எச்.ஐ.வி. என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம் ஆகாது. மறுபரிசோதனைக்கான எஸ்.எம்.எஸ்.ஸில் பிரிவின் பெயர் வந்தால் அது குடும்பத்தில் யாருடைய போனுக்குப் போகிறது என்று பாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் "முந்தைய வரலாறு" என்ற பகுதி பழைய ஃபைலிலிருந்து அப்படியே ஒட்டப்பட்டு வரும். கால் எலும்பு முறிவுக்கு வந்த பெண்ணின் பழைய கருக்கலைப்பு அப்படித்தான் மாமியார் கைக்குப் போகும். கவரில் போடும் முன் அந்தப் பகுதியை நோயாளியிடம் காட்டுங்கள். புண்ணைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லும்போது கைப்பட்டையில் பெயரும் நம்பரும் தெரிகிறதா என்று பாருங்கள். உங்கள் போனில் எடுக்கவே வேண்டாம். அது தானாகவே கிளவுடுக்குப் போய்விடும். திரைச்சீலை பார்வையை மறைக்கும், குரலை மறைக்காது. 16 வயதுப் பெண்ணிடம் கர்ப்பம் பற்றிக் கேட்க அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுத் திரைக்குப் பின்னால் சத்தமாகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

நினைவில்லாதவர் விஷயத்தில், அவருக்கு நன்மை தருகிற அளவுக்கு, கவனித்துக்கொள்பவரிடம் மட்டும் பேசலாம். குழப்ப நிலையில் இருக்கும் முதியவர் மாலையில் தடுமாறினாலும் காலையில் தெளிவாக இருக்கலாம், அப்போது கேளுங்கள். நினைவு திரும்பியதும் யாரிடம் என்ன சொன்னோம் என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும். இறந்தவர் விஷயமும் ரகசியமே. மருத்துவர்களுக்காக 1948இல் ஏற்கப்பட்ட ஜெனீவா பிரகடனம், இன்றைய வடிவில், நோயாளி இறந்த பிறகும் அவர் நம்பிச் சொன்னதைக் காப்பேன் என்கிறது. இன்னொருவர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று தோன்றினால் தனியாக முடிவெடுக்காமல் அன்றே டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

உங்கள் வீடும் இதில் சேர்த்திதான். பெயரை விட்டுவிட்டு வயது, வேலை, தெரு, நோய் நான்கையும் சொன்னால் பெயரையே சொன்ன மாதிரி. சொந்தச் சித்தி ரிப்போர்ட்டையும் கம்ப்யூட்டரில் திறந்து பார்க்காதீர்கள். யார் எப்போது திறந்தார்கள் என்பது அதில் பதிவாகிறது.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் வாய் தவறும். அப்போது யாரிடம், எத்தனை மணிக்கு, எந்த வார்த்தை என்று உடனே எழுதுங்கள். தலைமை செவிலியரிடம் சொல்லுங்கள். போனில் போயிருந்தால் அழிக்கச் சொல்லுங்கள். நோயாளியிடம் அன்றே தெரிவிக்க வேண்டும். வீட்டில் போய்ச் சண்டை வந்த பிறகு அவருக்குத் தெரிவது மோசம்.

அதே நோயாளி ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தால் பழைய கேஸ் ஷீட்டைப் பார்த்துப் பெயர்களை எழுதிவிடாதீர்கள். அன்று கூடவே இருந்த மருமகள் இன்று அந்த வீட்டில் இல்லாமல் இருக்கலாம். மூன்று கேள்வியையும் முதலிலிருந்து கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் சீனியர்கள்