பழைய கொரோலாவும் புதிய கொரோலாவும்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். சென்ற வாரம் தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவசரத்தில் சொல்லிவிடக் கூடிய விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை. 1998-இல் நான் வாங்கி, அதிலேயே நீ ஓட்டக் கற்று, பின்னர் உன்னிடமே வந்து சேர்ந்த நம் டொயோட்டா கொரோலா காரைப் பழுது பார்த்துக் குழந்தை பிறந்த பிறகும் வைத்துக்கொள்வதா, அல்லது பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும், அதே கொரோலாவின் இப்போதைய ஹைப்ரிட் மாடலை வாங்குவதா என்று கேட்டாய். அப்பா பார்த்துப் பார்த்து வைத்திருந்த வண்டியைக் கைவிட மனம் வரவில்லை என்றும் சொன்னாய். எனக்கும் மனம் வராதுதான். ஆனாலும் புதியதை வாங்கு என்பதே என் பதில். ஏன் என்பதை நீ முழுமையாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே காரின் இளமையும் முதுமையும் என்று எண்ணிவிடாதே. 1966-இல் வந்த முதல் கொரோலாவில் இருந்தது 1,077 சி.சி. எஞ்சின். அதை உருவாக்கிய குழுவின் தலைமைப் பொறியாளர் தட்சுவோ ஹசெகவா, கார்களுக்கு வருமுன் விமானங்களை வடிவமைத்தவர். குடும்பக் கார் என்பது எந்தப் பாடத்திலும் தோற்கக் கூடாது, எல்லாவற்றிலும் 80 மதிப்பெண்ணாவது வாங்க வேண்டும், அதற்கு மேலும் ஒன்றிரண்டில் சிறந்து நிற்க வேண்டும் என்பது அவர் வகுத்த கொள்கை. நம் வண்டி 1995-இல் அறிமுகமான எட்டாம் தலைமுறையைச் சேர்ந்தது. நீ பார்த்து வந்திருப்பது 2018-இல் தொடங்கிய பன்னிரண்டாம் தலைமுறை. நம் வண்டியின் முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் இடையே 2,465 மில்லிமீட்டர். புதிய செடானில் 2,700. அகலமும் 1,690-இலிருந்து 1,780 ஆகியிருக்கிறது. அந்த ஒன்பது சென்டிமீட்டர் காகிதத்தில் சிறிதாகத் தெரியும்; வண்டி நிறுத்தும் இடத்தில் கதவைத் திறந்து குழந்தையை எடுக்கும்போதுதான் அதன் அருமையும் தொல்லையும் புரியும். வாங்குமுன் உங்கள் இடத்தை அளந்து பார்த்துவிடச் சொல் மாப்பிள்ளையிடம். பக்கக் கண்ணாடிகளின் அகலம் இந்தக் கணக்கில் சேராது.

பழைய வண்டியின் மேல் எனக்குள்ள பற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் இந்தப் பதிலை நான் எளிதாக எழுதிவிட்டதாக நீ நினைப்பாய். அதன் 1,587 சி.சி. எஞ்சினில் எனக்குத் தெரியாத பாகம் இல்லை. பானெட்டைத் திறந்தால் மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர், அதிலிருந்து நான்கு பிளக்குகளுக்கும் செல்லும் வயர்கள், மிதியிலிருந்து வந்து எஞ்சினுக்குக் காற்றுவிடும் வால்வை நேராக இழுக்கும் கேபிள் என்று எல்லாமே கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். ஓட்டம் தடுமாறினால் எங்கே தேட வேண்டும் என்று காதே சொல்லிவிடும். பிஸ்டன்களோடு ஒத்து வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டை 1,00,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று தெரிந்தும் ஒரு முறை நான் தள்ளிப்போட்டேன். நெடுஞ்சாலையில் அது அறுந்து எஞ்சின் நின்றுபோனது. வேறு பல எஞ்சின்களில் அப்படி அறுந்தால் பிஸ்டன் வால்வுகளின் மேல் மோதி எஞ்சினே பாழாகியிருக்கும். இதில் பெல்ட் அறுந்தாலும் இரண்டும் ஒன்றையொன்று தொடாத அளவுக்கு இடைவெளி விட்டு அமைத்திருக்கிறார்கள். புதிய பெல்ட் மாட்டியதும் ஒன்றுமே நடவாததுபோல் ஓடியது. என் கவனக்குறைவை மன்னித்த ஒரு பொருளிடம் எனக்கு ஏற்பட்ட நன்றியுணர்வு இன்றும் குறையவில்லை.

அந்த நன்றியுணர்வைத்தான் நான் நெடுங்காலம் நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டிருந்தேன். வண்டி பாதியில் நிற்காது என்பது ஒன்று; மோதினால் உள்ளே இருப்பவர்களைக் காக்கும் என்பது முற்றிலும் வேறொன்று. முதலாவதில் நம் கொரோலா எத்தனையோ புதிய கார்களுக்குக் குறைந்ததல்ல. இரண்டாவதில் அதன் நிலை என்ன என்பதை 2017-இல் நடந்த ஒரு சோதனையைப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் புதிய கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் ஆன்கேப் என்ற அமைப்பு, 1998-ஆம் ஆண்டுக் கொரோலா ஒன்றையும் 2015-ஆம் ஆண்டுக் கொரோலா ஒன்றையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், முன்பக்கத்தின் ஒரு பாதி மற்றதன் ஒரு பாதியில் இடிக்கும்படி மோதவிட்டது. புதியதற்கு 16-க்கு 12.93 மதிப்பெண் கிடைத்தது. பழையதற்குக் கிடைத்தது 0.40. ஒரு மதிப்பெண்ணில் பாதிகூட இல்லை. பழைய காரின் கட்டமைப்பே நொறுங்கிப்போயிற்று. ஓட்டுநர் இருக்கையில் வைத்த பொம்மையின் அளவீடுகள், அந்த இடத்தில் ஒரு மனிதர் இருந்திருந்தால் தலையிலும் மார்பிலும் கால்களிலும் கடுமையான காயம்படும் அபாயம் மிக அதிகம் என்று காட்டின. நீ இப்போது வாங்கப்போவது அந்த 2015 வண்டிக்கும் அடுத்த தலைமுறை.

அந்தச் சோதனையின் காணொளியை நான் மூன்று முறை பார்த்தேன். மோதலின் வேகத்தை முன்பகுதி மடங்கித் தானே வாங்கிக்கொள்ள வேண்டும், பயணிகள் அமரும் அறை மட்டும் குலையாமல் நிற்க வேண்டும் என்பதே காப்பு முறையின் அடிப்படை. இந்த அறிவு 1990-களிலும் இருந்தது. ஆனால் காலப்போக்கில் சோதனைகள் கடுமையாகி, அதிவலிமை எஃகும் கணினிக் கணக்கீடும் சேர்ந்து, அந்த அறையை உண்மையிலேயே ஒரு கூண்டாக்கின. நம் வண்டியின் கதவுத் தூண்கள் எவ்வளவு மெல்லியவை என்று நினைத்துப் பார். எல்லாத் திசையிலும் சாலை நன்றாகத் தெரிகிறது என்று நான் புகழ்ந்துகொண்டிருந்ததற்குக் காரணமே அந்த மெல்லிய தூண்கள்தான். புதிய காரில் முன் தூண் தடிமனாக இருப்பதால் திருப்பங்களில் பாதசாரி ஒருவர் அதன் பின்னே மறைந்துவிடக் கூடும். தலையைச் சற்று முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கும் பழக்கத்தை நீ ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். இந்தக் குறையை நான் முழு மனத்தோடு ஏற்றுக்கொள்வேன்.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றையும் இப்போது சொல்கிறேன். உனக்கு ஏழு வயது. பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தாய். மழையில் முன்னே சென்ற வண்டி திடீரென்று நின்றது. நான் பிரேக்கை முழுமூச்சாக மிதித்தேன். நான்கு சக்கரங்களும் இறுகிப் பூட்டிக்கொண்டன. ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பியும் கார் நேராகவே வழுக்கிச் சென்றது, ஏனெனில் சுழலாத சக்கரத்தால் வண்டியைத் திருப்ப முடியாது. காலை எடுத்து மறுபடி மிதிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும், ஆனால் பயந்த கால் அதைச் செய்யவில்லை. ஒரு கை அகல இடைவெளியில் வண்டி நின்றது. நீ விழிக்கவில்லை. அது வண்டியின் பழுது அன்று. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் நம் வண்டியில் கிடையாது, அவ்வளவுதான். புதிய காரில் சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று உணர்ந்த கணமே கணினி அந்தச் சக்கரத்தின் பிரேக்கை நொடிக்குப் பல முறை விட்டுப் பிடிக்கும். திருப்பத்தில் வண்டி பக்கவாட்டில் நழுவினால் தேவையான ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து நேர்ப்படுத்தும். அதற்கும் மேலே, கேமராவும் ரேடாரும் முன்னே இருப்பதைக் கவனித்து, நீ மிதிக்கத் தவறினால் தாமே பிரேக் போடும். இரவிலும் மழையிலும் அவற்றின் பார்வையும் மங்கக் கூடும் என்பதால் அவற்றை நம்பி ஓட்டாதே. ஆனால் பயந்த கால் செய்யாததை அவை செய்யும்.

ஹைப்ரிட் என்றால் சிக்கலானது, விரைவில் பழுதாகும் என்று மாப்பிள்ளை தயங்குவதாகச் சொன்னாய். தயக்கம் நியாயமானதே, நானும் அப்படித்தான் நினைத்தேன். விசாரித்துப் படித்தபோது, கூடுதலாக வந்தவற்றோடு இல்லாமல் போனவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று தெரிந்தது. எஞ்சினும் இரண்டு மின் மோட்டார்களும் ஒரே பல்சக்கரத் தொகுதியில் இணைந்திருப்பதால் தனியே ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் இல்லை, தேய்ந்துபோகும் கிளட்ச்சும் இல்லை. 1.8 லிட்டர் எஞ்சினில் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, வீணாகும் ஆற்றலைப் பேட்டரிக்கு அனுப்புவதால் பிரேக் பேடுகளும் நெடுநாள் வரும். நம் பழைய வண்டி 100 கிலோமீட்டருக்கு எட்டு லிட்டர் பெட்ரோல் குடிக்கும். இது ஐந்து லிட்டரை ஒட்டி நிற்கும், அதுவும் நெடுஞ்சாலையைவிட நின்று நின்று செல்லும் நகரப் போக்குவரத்தில்தான் அதன் சிக்கனம் நன்றாகத் தெரியும். ஓட்டும்போது ஒன்று உனக்கு விநோதமாக இருக்கும்: மேட்டில் அழுத்தி மிதித்தால் வேகம் கூடுமுன் எஞ்சின் சத்தம் கூடும். அது பழுதல்ல. அந்தப் பல்சக்கர அமைப்பின் இயல்பு அப்படி.

புதியதில் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. நம் காரில் முகப்பு விளக்கின் பல்பை நானே பத்து நிமிடத்தில் மாற்றுவேன். எல்இடி விளக்கு கெட்டால் பெரும்பாலும் முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும். முன் கண்ணாடியில் விரிசல் விழுந்து மாற்றினால், அதன் பின்னே இருக்கும் கேமராவின் பார்வையை மறுபடி சரிபார்த்து அமைக்க வேண்டும். கண்ணாடி மாற்றுபவர் அதைச் செய்யாமல் விட்டால் நீ கேட்டுச் செய்யச் சொல்ல வேண்டும். ஸ்டெப்னிக்குப் பதிலாகப் பஞ்சர் ஒட்டும் பசையும் காற்றுப் பம்ப்பும் மட்டுமே வைத்துத் தரும் இடங்கள் உண்டு. பின்பெட்டியின் தரையைத் தூக்கி என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்கு.

பின் இருக்கைக்கு அருகே காற்றை உள்ளிழுக்கும் சல்லடை போன்ற துளை ஒன்று இருக்கும். ஹைப்ரிட் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று அதன் வழியாகத்தான் போகிறது. குழந்தையின் போர்வையோ துணிப்பையோ அதை மூடிவிடாமல் பார்த்துக்கொள். அதன் வடிகட்டியில் தூசி அடையாமல் சர்வீஸின்போது சுத்தம் செய்யச் சொல். வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தினால் சிறிய 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடும், அப்போது பெரிய பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் இருந்தாலும் கார் கிளம்பாது. பிரசவ நாட்களில் இதை மறந்துவிடுவீர்கள், மாப்பிள்ளையைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்.

ஹேட்ச்பேக் அழகாக இருக்கிறது என்றாய். அதன் அச்சு இடைவெளி செடானைவிட 60 மில்லிமீட்டர் குறைவு. பின்னோக்கி வைக்கும் குழந்தை இருக்கையைப் பொருத்தினால் முன்னே அமர்பவரின் முழங்கால் இடிக்கும். செடானையே பார். நம் பழைய வண்டியில் குழந்தை இருக்கையைப் பெல்ட்டால் சுற்றிக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை; புதியதில் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் காரின் உடலோடு இணைந்திருக்கின்றன, இருக்கை 'டக்' என்று அதில் பூட்டிக்கொள்ளும். ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் பின்னோக்கிய குழந்தை இருக்கையை ஒருபோதும் வைக்காதே. ஏர்பேக் வெடித்து விரியும் விசை நேரே குழந்தையின் தலைப்பக்கம் வரும்.

பழைய வண்டியைப் பற்றிக் கவலைப்படாதே. அதை நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். என் ஒருவனுக்கு, அருகில் மெதுவாகப் போய்வர, அது போதும். அதன் சர்வீஸ் நோட்டு முன் டேஷ்போர்டில் இருக்கும், அதை மட்டும் தொலைத்துவிடாதே. நீ புதிய காரை ஓட்டிப் பார்க்கப் போகும் நாளில் குழந்தை இருக்கையையும் கையோடு கொண்டுபோ. விற்பனையாளர் செய்துகாட்டினால் போதாது. நீயே பின் கதவைத் திறந்து, குனிந்து, அதை இரண்டு முறை பூட்டிக் கழற்றிப் பார். உன் இடுப்புக்கு அது சிரமமாக இருந்தால் எனக்குத் தெரிவி, கையெழுத்திடுமுன் இருவரும் பேசுவோம்.

அன்புடன்,
அப்பா